ராட்டினக்காரர் வீட்டு மருமகளுக்குத் தலைசுற்றல்

என் கல்யாணத்தில் எங்கள் வீட்டார் மறைத்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். எனக்கு எது ஆடினாலும் குமட்டும். ஊஞ்சலில் உட்கார்ந்தால் குமட்டும். மாட்டுவண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் குமட்டும். ஆண்டிபட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினேன் என்றால், கணவாய் தாண்டுவதற்குள் காலையில் தின்றதெல்லாம் ஜன்னல் வழியாகப் போய்விடும். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் யார் வீட்டில் கொடுத்தார்கள் தெரியுமா? தேனியில் ராட்டினம் வைத்துப் பிழைத்த வீட்டில்! நான் அழுது பார்த்தேன். "நீயாத்தா ராட்டினத்துல ஏறப் போற? அவுக சுத்துவாக, நீ வீட்டுல சோறாக்கப் போற. மாப்பிள்ளை தங்கமான ஆளு, பேசாம இரு" என்று என் அப்பா வாயை அடைத்துவிட்டார்.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷம் முந்தைய கதை இது. அப்போது ராட்டினத்துக்கு மோட்டாரும் கிடையாது, கரண்டும் கிடையாது. இரண்டு பக்கமும் தேக்குக் கால் நட்டு, நடுவில் ஓர் இரும்பு அச்சு, அதில் நான்கு மரப்பெட்டிகள். கீழே இறங்கி வருகிற பெட்டியை ஆள் பிடித்து இழுத்துத் தள்ளினால் அது மேலே போகும், அடுத்தது கீழே வரும். அவ்வளவுதான் இயந்திரம். அதைப் பிரித்து வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, தை பிறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை பள்ளத்தாக்கில் எந்த ஊரில் திருவிழாவோ அங்கே போய் நடுவார்கள். மிச்ச மாதங்களுக்கு அந்த வரும்படியில்தான் கஞ்சி.

நான் அறியாத சங்கதி ஒன்று இருந்தது. மரத்தில் செய்த பெட்டியை நம்பி ஜனங்கள் சட்டென்று ஏறிவிட மாட்டார்கள். எங்கோ ஓர் ஊரில் பெட்டி கழன்று ஆள் விழுந்ததாக வருஷாவருஷம் ஒரு பேச்சு கிளம்பும். யாருக்கும் ஊர் பேர் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் கதை தெரியும். அதனால் எந்த ஊரில் நட்டாலும், தேங்காய் உடைத்துச் சூடம் காட்டியதும், ராட்டின வீட்டுப் பெண் ஒருத்தி முதலில் ஏற வேண்டும். ஊரே பார்க்க ஒன்பது சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்த முகமாக இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தாய்மார்கள் பிள்ளைகளை ஏற்றுவார்கள். ஆம்பளை ஏறினால் செல்லாது. ஆம்பளை எதில்தான் ஏற மாட்டான்?

மாமனார் இருந்தவரை மாமியார்தான் ஏறியிருக்கிறார். மாமனார் போனபிறகு, "பொட்டில்லாதவ மொதச் சுத்து சுத்துனா எவ பின்னால ஏறுவா?" என்று தானாகவே ஒதுங்கிக்கொண்டார். பிறகு என் நாத்தனார் ஏறினாள். அவளைப் போடியில் கட்டிக்கொடுத்தார்கள், அங்கே அவள் மாமியார் இந்த வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உடனே என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். வீட்டுக்கு மருமகள் தேடினார்களா, பெட்டிக்கு ஆள் தேடினார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

மாசியில் சின்னமனூருக்குப் போனோம். போகிற வழியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி இறங்கி வாந்தி எடுத்தேன். வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் கோபப்படவே இல்லை.

"இதுக்கா இந்தப் பாடு படுற? மெதுவாச் சுத்தச் சொல்றேன். ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

சொன்னபடியே செய்தார். என்னை ஒரு பெட்டியில் உட்கார வைத்து, எடை சரிக்கட்ட எதிர்ப்பெட்டியில் ஒரு மணல் மூட்டையை வைத்தார்கள். "மெதுவா, மெதுவாய்யா, வீட்டாளு இருக்காக" என்று சுற்றுகிறவர்களிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பெட்டி ஆடி அசைந்து மேலே போயிற்று. உச்சியில் சற்று நின்றது. பிறகு ஆடிக்கொண்டே இறங்கியது. அச்சுக்குப் போட்ட விளக்கெண்ணெய் வாடை வேறு மூக்கில் ஏறியது. எப்படியோ ஒன்பது சுற்றும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். இறங்கியதும் முடியவில்லை. உடைத்த தேங்காய்க்குப் பக்கத்திலேயே, ஊர் முழுக்கப் பார்க்க, குனிந்து கக்கிவிட்டேன்.

"ஏறுனவ கெதியப் பாத்தீகளா? பச்சப்புள்ளைக ஏறுனா என்னாகும்?" என்று ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். அவள் பின்னால் பத்துப் பேர் போனார்கள். அந்தத் திருவிழா முழுக்க எங்கள் பெட்டிகள் பாதிக்குமேல் சும்மாதான் தொங்கின.

மாமியார் என்னிடம் வந்தார். "அந்த மணல் மூட்டையும் ஒங்கூடத்தானே சுத்துச்சு? அது கக்குச்சா?" என்று கேட்டார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது. அவருக்குக் கோபம் தலைக்குமேல் ஏறிவிட்டது. மகனைப் பார்த்துச் சொன்னார்:

"ஏலே, நல்லாக் கேட்டுக்க. சித்திரையிலயும் இவ இப்படித்தான்னா, கொண்டுபோயி ஆண்டிபட்டில அவுக அப்பன் வீட்டுல விட்டுட்டு வந்துரு. நம்ம வீட்டுக்குத் தோதான புள்ளையா வேற பாத்துக்கிரலாம்."

என் வீட்டுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு குனிந்தபடி நின்றார். மாமியார் சொன்னதைவிட அவர் பேசாமல் நின்றதுதான் என்னைக் கொன்றது. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். வாழாவெட்டியாக நான் போய் உட்கார்ந்தால் அவர்களை யார் கேட்டு வருவார்கள்? என்ன பாவம் செய்தேன், வயிறு ஆடுவது ஒரு குற்றமா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அன்றிலிருந்து சித்திரைவரை நான் செய்யாத வைத்தியம் இல்லை. சுக்கைத் தட்டி வாயில் அடக்கினேன். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்து அதன் வாசனையே பிடிக்காமல் போயிற்று. முந்தானையை அடிவயிற்றில் இறுக்கிக் கட்டினால் நிற்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள், கட்டினேன், மூச்சுதான் நின்றது. தேனி கடைத்தெருவில் சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரர் கடையில் பெப்பர்மிண்ட் வாங்கித் தின்றேன், அது ஒன்றுதான் ருசியாக இருந்தது. பழகினால் சரியாகிவிடும் என்று நானாகவே கொல்லையில் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். மாமியார் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, இது வேறயா! பேயும் பிடிச்சிருச்சா?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

பங்குனியில் உத்தமபாளையத்தில் நட்டார்கள். என் வீட்டுக்காரர் என்மேல் இரக்கப்பட்டு, முன்னைவிட மெதுவாகச் சுற்றச் சொன்னார். முன்னைவிட மோசமாயிற்று. கக்கவில்லை, ஆனால் இறங்கி நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இவ்வளவு மெதுவாச் சுத்துறதுக்கு நம்ம வீட்டுத் தொட்டிலே தேவலையே" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அதையும் மாமியார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சித்திரை வந்தது. தேனிக்குத் தெற்கே ஆற்றங்கரைக் கோயிலில் கூடுகிற கூட்டம் எங்கள் பக்கத்தில் வேறெங்கும் கூடாது. வருஷத்துக் கஞ்சியில் பாதி அங்கேதான். அந்த வருஷம் பார்த்து மதுரைப் பக்கத்திலிருந்து இன்னொரு ராட்டினக்காரர் வந்து, எங்களுக்கு நேர் எதிரே, கலர் கலராகக் கொடி கட்டி நட்டுவிட்டார். அவர் பெட்டிகளுக்குப் பச்சை வர்ணம் வேறு அடித்திருந்தது. எங்கள் பெட்டிகள் அழுது வடிந்தன.

காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் மஞ்சள் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போய் நின்றேன். மாமியார் தேங்காயை உடைத்தார். சுற்றிலும் ஒரே கூட்டம். பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், வழக்கம்போல், "மெதுவாய்யா" என்றார்.

முதல் சுற்று. வாயில் தண்ணீர் ஊறியது. இரண்டாவது சுற்று. காது அடைத்துக்கொண்டது. மேலே போனால் ஆறு, தோப்பு, ஜனங்களின் தலைகள், எல்லாமே மெள்ள மெள்ளச் சாய்ந்தன. கீழே வந்தால் மாமியார் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு நிற்கிறார். இன்னும் ஏழு இருக்கிறது. இந்த நடையில் போனால் ஏழு சுற்று முடிவதற்குள் நான் செத்தே போவேன் என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சுற்ற வேண்டியது ஒன்பது என்றால், அதை வேகமாகச் சுற்றித் தொலைத்தால் என்ன? சீக்கிரமாவது முடியுமே! வருகிற வாந்தி நான் இறங்கி ஓடி மறைந்தபிறகு வரட்டும்.

மேலே இருந்தபடியே கத்தினேன்: "ஏய்யா, சோத்தத்தானே திங்கிறீக? வேகமாச் சுத்துங்கய்யா!"

சுற்றுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் பதறிப்போய், "வேணாம், வேணாம், அவளுக்கு ஆகாது" என்றார்.

"எல்லாம் எனக்கு ஆகும்! சுத்துங்க!"

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. யாரோ ஒருவர், "அந்தம்மாவே சொல்றாகள்ல, அப்பறம் என்னய்யா? சுத்துங்க!" என்று குரல் கொடுத்தார். உடனே நாலு பக்கமும் "சுத்துங்க, சுத்துங்க" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். சுற்றுகிறவர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, வருகிற பெட்டியை எட்டிப் பிடித்து இழுத்து விட்டார்கள்.

அம்மாடியோவ்! பெட்டி விர்ரென்று மேலே ஏறியது. உச்சியிலிருந்து கீழே விழுந்தபோது என் வயிறு மேலேயே தங்கிவிட்டது. "ஐயோ" என்று அலறினேன். அடுத்த சுற்றிலும் அலறினேன். காற்று முகத்தில் அடித்தது, தலையில் வைத்த பூ பறந்து போயிற்று, விளக்கெண்ணெய் வாடை போன இடம் தெரியவில்லை. ஐந்தாவது சுற்றோ ஆறாவது சுற்றோ, மேலே போகும்போது திடீரென்று கவனித்தேன். குமட்டலைக் காணோம். தேடிப் பார்க்கிறேன், இல்லை! காது திறந்துவிட்டது. வாயில் ஊறிய தண்ணீர் நின்றுவிட்டது. பயம் இருந்தது, அடிவயிறு கூசியது, ஆனால் குமட்டல் மட்டும் இல்லவே இல்லை. அதற்கப்புறம் நான் அலறியதெல்லாம் சந்தோஷத்தில் அலறியது.

ஏன் அப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மெதுவாக ஆடுவதுதான் என் உடம்புக்கு ஆகாது, வேகமாகச் சுழன்றால் ஒன்றும் செய்யாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை நாளும் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த மனுஷன் மெதுவாகச் சுற்றச் சொல்லிச் சொல்லி என்னைப் படுத்தி எடுத்திருக்கிறார், பாவம்.

மாமியார், "ஒம்போது ஆச்சு, நிறுத்துங்க" என்றார். "நிறுத்தாதீக!" என்று நான் மேலிருந்து கத்தினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"எறங்குத்தா, காசு குடுத்து ஏறுறவுக நிக்கிறாக!" என்று மாமியார் கீழிருந்து கத்தினார். நிஜமாகவே நின்றார்கள். நான் இறங்குவதற்குள் குமரிப் பெண்கள் நாலைந்து பேர், "நாங்களும் அந்தக்கா மாதிரிதான் சுத்துவோம்" என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கத்துப் பச்சைப் பெட்டிகள் சும்மா தொங்கின. மாமியார் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "வாயப் பாரு வாய, கம்பம் ஊரு வரைக்கும் கேட்டுருக்கும்" என்றார். சொல்லிவிட்டு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. இனி ஆண்டிபட்டிக்குப் போக வேண்டியதில்லை, என் தங்கைகளுக்கு ஒரு குறையும் வராது என்று நினைக்க நினைக்க ஓடிப்போய் யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. என் வீட்டுக்காரரைத் தேடினேன். கூட்டத்தில் காணோம். ராட்டினக் காலுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, என்னாச்சு? சொல் பேச்சுக் கேக்கலைன்னு கோபமா?"

துண்டை எடுத்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"காலையிலயே எதிர்த்தாப்புல இருக்கவர்ட்டப் பேசிட்டேன். இன்னைக்கும் நீ முடியாம எறங்குனா நம்ம ராட்டினத்த அவரே எடுத்துக்கிரட்டும்னு சொல்லியிருந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ராட்டினத்தக் குடுத்துட்டு?"

"கம்பத்துல பாரவண்டி ஓட்ட ஆள் கேட்டாக. போகலாம்னு இருந்தேன்."

"அத்தை சொன்னப்ப நீங்க ஒரு வார்த்தை பேசலையே! என்னையக் கொண்டுபோயி ஆண்டிபட்டில விட்டுருவீகன்னுல்ல நெனச்சேன்!"

அவர் என்னை ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஒன்னைய விட்டுட்டு இந்த மரத்த வச்சு நான் என்ன செய்ய?" என்றார்.

இரண்டு மாதமாக அடக்கிவைத்திருந்த அழுகை அப்போது வந்தது. திருவிழாக் கூட்டம் பார்க்கிறது என்ற கூச்சம்கூட இல்லாமல் மணலில் உட்கார்ந்து அழுதேன். தென்னை மரத்தைச் சுற்றினேனே, சுக்கைத் தின்றேனே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவரைத் திட்டிக்கொண்டே அழுதேன். அவர் தன் துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, ராட்டினத்தைக் கொடுப்பதற்கில்லை என்று எதிர்ப்பக்கத்துக்காரரிடம் சொல்லப் போனார்.