திறக்காத சாப்பாட்டு டப்பா

பிலோமினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் பட அட்டை காட்டிக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது கோப்பைப் படம். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.

லுக்குட் ஊரை அடுத்த தோட்டக் குடியிருப்புகளிலிருந்து எங்கள் பாலர் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய உங்களுக்கு அக்காவைத் தெரியும். பெயருக்குத்தான் உதவியாளர், வகுப்பை நடத்தியது அவர்தான். ரஹாங் டவுனில் வளர்ந்து டிப்ளோமாவோடு வந்த எனக்கு அவரை முதலில் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது திவ்யாவைப் பற்றிச் சொல்ல. அக்கா இருந்தவரை எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

திவ்யாவுக்கு அப்போது ஐந்து வயது. கோப்பைப் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். வாளி, நாற்காலி, பூனை, எதற்கும் பதில் இல்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு, பேச்சு வளர்ச்சி குறைவு, சிறப்பு வகுப்புக்கு மாற்றலாம் என்று படிவத்தில் எழுதினேன். "வீட்டுல இவ வாய மூடவே மாட்டாளே டீச்சர்," என்று அவள் அம்மா மன்றாடினார். எல்லாத் தாய்மாரும் சொல்வதுதானே என்று நினைத்துக் கையெழுத்து வாங்கி, அன்றே அனுப்பிவிட்டேன்.

அக்கா என்னை விடவில்லை.

"அது கோப்பைன்னு ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்?"

"தெரியும்."

"புள்ளைக்கும் தெரியும்லா. தெரிஞ்ச பெரியவங்க தெரியாத மாதிரி கேட்டா அது என்னான்னு நெனைக்கும்? எங்க தோட்டத்துல புள்ளைங்க பக்கத்துல நின்னு பாத்துக் கத்துக்கும். யாரும் நிக்க வச்சுக் கேள்வி கேக்க மாட்டோம். கேட்டா, எதையோ ஒடச்சிட்டோம், அடி விழப் போவுதுன்னு பயந்துக்கும்."

மறுநாள் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் திவ்யாவிடம் நீட்டினார். "எங்க வீட்டுக்காரரு என்னா கட்டிக் கொடுத்தாருன்னு எனக்கே தெரியல. நீ தொறந்து பாத்துச் சொல்லும்மா."

திவ்யா திறந்தாள். "நெத்திலி சம்பல், ஆன்டி. முட்ட இருக்கு, ஆனா ஓரம் கருகிப் போச்சு. எங்கம்மா கருகுனத அப்பாவுக்கு வச்சிருவாங்க. ஆன்டி, வெங்காயத்த யாரு வெட்டுனா? இவ்ளோ பெருசா இருக்கு!" மூச்சுவிடாமல் பேசினாள்.

"கேக்குறதுன்னா தெரியாமக் கேக்கணும் டீச்சர்," என்றார் அக்கா.

அன்றைக்கே அந்தப் படிவத்தைத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் போய், தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா தினமும் கேட்டார். நான் தினமும் "பார்க்கலாம்" என்றேன். ஒரு திங்கட்கிழமை, அவளைப் போர்டிக்சனில் உள்ள சிறப்பு வகுப்புக்கு ஏற்றிப் போக வேன் வந்துவிட்டது.

பிறகு கடிதம் எழுதி, நடையாய் நடந்து, அவளைத் திரும்பக் கொண்டுவர ஓராண்டு ஆனது. வந்தவள் எல்லாப் படத்துக்கும் பதில் சொன்னாள். கோப்பை. வாளி. நாற்காலி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா தன் டப்பாவை நீட்டினார். திவ்யா டப்பாவைப் பார்க்கவில்லை. எந்தப் பதில் வேண்டும் என்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாக் கத்துக்கிட்டா டீச்சர்," என்றார் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பின் நான்கு ஆண்டுகள், ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா மோட்டார் சைக்கிளில் திவ்யா வீட்டுக்குப் போய்வந்தார். சும்மா பேசிக்கொண்டிருக்கத்தான். அடக்கத்தன்று அவள் அம்மா சொல்லித்தான் எனக்கே இது தெரியும். "அவங்ககிட்ட மட்டுந்தான் டீச்சர் இவ பழைய மாதிரி பேசுவா. இனிமே யார்கிட்ட பேசப் போறா?"

பக்கத்தில் திவ்யா நின்றாள். பத்து வயது. எனக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றை அவளிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை நீயும் அக்காவும் என்னம்மா பேசுவீங்க?"

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"என்னா சொல்லணும் டீச்சர்?"

அக்காவின் டப்பாவை அவர் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதபடி, வீட்டில் யாரையாவது கட்டித் தரச் சொல்லி எடுத்துப்போகிறேன். திவ்யா என் முகத்தைப் பார்ப்பதை விட்டு அந்த டப்பாவைப் பார்க்கும்வரை போவேன்.