கெங்கம்மாள் வீட்டுப் பூனைச்சண்டை

கெங்கம்மாளைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லிவிட முடியாது. கரடி புகுந்த கொல்லையில் மறுநாளே தனியாகக் களையெடுத்தவள். அப்படிப்பட்டவளைச் சுவரோடு ஒண்டி நிற்க வைத்தது அவள் வளர்த்த பூனைதான்.

ஜவ்வாது மலையில் சாமை வீடு வந்து சேர்ந்துவிட்டால் எலிக்கு ஒரு பூனை வேண்டும். அவள் இரண்டு வைத்திருந்தாள். ஒரே ஈற்றில் பிறந்தவை. சிவப்பு நிறத்தது செவலி, சாம்பல் நிறத்தது சாம்பி. கண் திறந்த நாளிலிருந்து ஒரே சாக்கில், ஒன்றன் மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு தூங்கியவை. சாம்பி குட்டி போட்டபோது அந்தக் குட்டிகளைச் செவலியும் நக்கிக் கொடுத்தது.

அன்று மத்தியானம் சாம்பி வெளியே சுற்றிவிட்டு உள்ளே வந்தது. அடுப்போரம் படுத்திருந்த செவலி தலையைத் தூக்கி மோந்தது. அவ்வளவுதான். வால் விளக்குமாறு போல உப்பியது. அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பூனைக்குள் வேறு எதுவோ புகுந்துகொண்ட மாதிரி. அடுத்த நொடி இரண்டும் ஒரே உருண்டையாகித் தரையில் புரண்டன. மயிர் பறந்தது. பிரித்துவிடக் கை நீட்டியவளின் முன்கையைச் செவலியின் நகம் கிழித்துவிட்டது. சாம்பி அலறிக்கொண்டு வெளியே ஓடியது. செவலி அங்கேயே நின்று, கண் முழுக்கக் கறுப்பாக, அவளைப் பார்த்தது.

அவள் புருஷன் தீர்த்தகிரி கோழிப் பஞ்சாரத்தைத் தூக்கிவந்து செவலி மேல் கவிழ்த்து, அப்படியே வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, மேலே ஒரு கல்லையும் வைத்தான்.

"வெறி புடிச்சுகீது. பக்கத்து ஊர்ல நரி கடிச்சவன் தண்ணியப் பாத்து ஊளையிட்டானே, மறந்துட்டியா?"

"கூடப் பொறந்ததையா கடிக்கும்?"

"வெறிக்கு அக்கா தங்கச்சி இன்னா தெரியும்? நான் புளிய எடுத்துக்கினு கலசப்பாக்கம் போய்ட்டு நாளைக்கு வர்றேன். வந்து சாக்குல கட்டிப் பள்ளத்துல வுட்டுடறேன். நீ கையில சோப்பு போட்டுக் கழுவு."

"ஆமா, நான் ஊளையிட்டாலும் சந்தைக்குப் போய்ட்டுத்தான் வருவ."

அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கொஞ்ச நாளாகவே இவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுவதை அவன் விட்டிருந்தான்.

அதற்குப் பிறகு சொம்பை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் தொண்டை இறுகுகிறதா என்று கெங்கம்மாள் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் இறங்கியது. ஆனாலும் கொஞ்சம் கஷ்டப்பட்டு இறங்கியது போலத்தான் இருந்தது. பஞ்சாரத்துக்குள் செவலி அமைதியாக உட்கார்ந்திருந்தது. வைத்த சோற்றைத் தின்றது, தண்ணீரையும் நக்கிக் குடித்தது. வெறி பிடித்தது தண்ணீர் குடிக்குமா என்று கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

பொழுது விடிந்ததும் சாம்பியைத் தேடிக்கொண்டு போனாள். ஆட்டுக்கொட்டகையின் மூலையில், சாமைத்தாள் போருக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. காதில் ரத்தம் காய்ந்திருந்தது. பயந்து பயந்துதான் தூக்கினாள். மடியில் போட்டுக் காதைப் பார்க்கக் குனிந்தபோது மூக்கில் ஏறியது அந்த வாசனை.

சந்தனம்.

கோயில் திருவிழாவில் பூசாரி குழைத்துத் தரும் துளியில் இருக்கும் வாசனை. அது பூனையின் முதுகு முழுக்க இருந்தது. கெங்கம்மாள் தாள்போருக்குள் கையை விட்டாள். சாக்கு தட்டுப்பட்டது. அதை ஒட்டி இன்னொரு சாக்கு. வாய் சரியாகக் கட்டாமல், மஞ்சள் சில்லுகள் சிந்திக் கிடந்தன. பூனை படுத்த பள்ளம் அதில் அப்படியே இருந்தது.

செவலிக்கு வெறியில்லை. கூடப் பிறந்தவளின் உடம்பில் யாரோ அந்நியர் வாசனை வந்திருக்கிறது, அடையாளம் தெரியவில்லை. அது விளங்கியதும் கைக்காயத்தின் பயம் விட்டது. வந்து உட்கார்ந்த பயம் அதைவிடப் பெரியது. கீழ்க்கொல்லைத் தசரதன் வீட்டில் ஒரே ஒரு சந்தனக்கட்டை கிடைத்ததற்கு அவனை விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். அவன் இன்னும் ஜெயிலில் இருக்கிறான். அவன் பெண்சாதி கல் உடைக்கப் போகிறாள்.

சாக்குகளைத் தாளால் மூடிவிட்டு வெளியே வந்தாள். வாசல் பெஞ்சில் ஃபாரஸ்ட் கார்டு ரங்கசாமி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா கெங்கம்மா, ஆள் அரவமே காணோம். ஒரு வரக்காப்பி கெடைக்குமா? குளிர் எலும்புல பூந்துகினு கீது."

ரோந்து வந்தால் இப்படி உட்காருவது அவர் வழக்கம்தான். "வைக்கிறேங்க" என்றாள். அதற்குள் சாம்பி அவள் பின்னாலேயே வந்து, அவருடைய காக்கிக் காலில் உடம்பை இழைத்தது. ரங்கசாமி அதன் முதுகைத் தலையிலிருந்து வால்வரை நீவிக்கொடுத்தார். அதே கையால் பாக்கெட்டிலிருந்து பீடியை எடுத்தார். கை மூக்குக்குக் கீழே வந்தது. கெங்கம்மாள் மூச்சு விடவில்லை.

தீக்குச்சி எரியவில்லை. கையை இறக்கினார். கண் பஞ்சாரத்தின் மேல் போனது.

"இன்னொருத்தி இன்னா குத்தம் பண்ணா? ஜெயில்ல போட்டுகீற?"

"சண்டைங்க, அய்யா. தொறக்காதீங்க."

"அட, கூடப் பொறந்ததுங்க. இன்னிக்கு அடிச்சிக்கும், நாளைக்குக் கட்டிக்கும். நான் ஜாமீன் தர்றேன்" என்று சிரித்துக்கொண்டே கல்லைத் தள்ளிவிட்டுத் தடியால் பஞ்சாரத்தை நெம்பினார்.

செவலி அம்பு மாதிரி பாய்ந்தது. இரண்டும் அவர் காலடியில் புரண்டன. அவர் பெஞ்சு மேல் காலைத் தூக்கிக்கொண்டு, "யம்மோவ், புடி, புடி" என்றார். கெங்கம்மாளுக்கு யோசிக்க நேரமில்லை. அடுப்பங்கரையில் கருவாடு ஊறிய சட்டி இருந்தது. கருவாடும் தண்ணீருமாக அப்படியே கொண்டுவந்து கொட்டினாள். பூனைகள் நனைந்தன. ரங்கசாமியின் காலும் கையும் சட்டையும் நனைந்தன.

"நல்லா காப்பி குடுத்த போ" என்றார் அவர், முகத்தைச் சுளித்து. "இந்த நாத்தத்தோட ரேஞ்சர் முன்னாடி எப்படி நிக்கிறது? என் பொண்டாட்டியே வூட்ல சேக்கமாட்டா."

முனகிக்கொண்டே ஓடைப்பக்கம் போனார். பூனைகள் இரண்டும் சொட்டச் சொட்ட எட்ட எட்ட உட்கார்ந்து உடம்பை நக்கின. வெகுநேரம் கழித்துச் செவலி மெல்ல வந்து சாம்பியின் கழுத்தை மோந்தது. இப்போது இரண்டின் மேலும் ஒரே கருவாட்டு நாற்றம். சாம்பியின் காதை அது நக்கத் தொடங்கிய பிறகுதான் கெங்கம்மாள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

சாயங்காலம் தீர்த்தகிரி வந்தான். "பூனை எங்க? சாக்கு எடு."

"சாக்கு கொட்டாயில ரெண்டு கீது. அத்த எடு."

அவன் முகம் செத்துப்போனது. உட்கார்ந்துவிட்டான்.

"சந்தவாசல் யேவாரி தேவராஜோடது. வெள்ளிக்கிழமை எடுத்துக்குவான். வெச்சிருந்தா போதும்னான்."

"கார்டு காலைல இங்கதான் ஒக்காந்திருந்தாரு. பூனையத் தடவிக் குடுத்தாரு. வெள்ளிக்கிழமைன்னு அவருகிட்ட சொல்லிட்டு வரட்டுமா?"

"தூக்கிப் போட்டுட்டா தேவராஜ் சும்மா வுடுவானா?"

"அவன்கிட்ட நான் பேசறேன். நீ எழுந்திரு."

வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு எருக்கூடையில் சில்லைப் போட்டு, மேலே ஆட்டுப்புழுக்கை பரப்பி, கொல்லைக்குப் போவது போல ஆளுக்கொன்றாகத் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். எதிரே யாராவது வந்தால் என்ன பேசுவது என்று அவள் வழி முழுக்க நினைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. நல்லவேளை, யாரும் வரவில்லை. மலையிடுக்குப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாக்குகளை அடுப்பில் எரித்தாள். அடுப்படி முழுக்க அந்த வாசனை எழும்ப, மிளகாயை அள்ளிப் போட்டு இருமிக்கொண்டே நின்றாள்.

வெள்ளிக்கிழமை தேவராஜ் வந்தான். சலவைச் சட்டை, கையில் மஞ்சள் பை. தீர்த்தகிரி உள்ளேயே இருந்துவிட்டான்.

"அண்ணன் இல்லியாம்மா?"

"கார்டு அய்யா வந்து தோ, நீ நிக்கிற எடத்துலதான் ஒக்காந்திருந்தாரு" என்றாள் கெங்கம்மாள். "மறுபடியும் வருவாரு."

தேவராஜ் நின்ற இடத்திலிருந்து ஓரடி நகர்ந்தான். கொட்டகையைப் பார்த்தான். மேட்டுப்பாதையைப் பார்த்தான்.

"சரக்கு?"

"எந்தச் சரக்கு?"

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அதில் இருந்த பயம் நிஜம். அதை அவனும் கண்டுகொண்டான்.

"நான் வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்றவன் பாதையை விட்டு, ஆடு இறங்கும் சரிவில் இறங்கினான். அந்த வெள்ளைச் சட்டை மரங்களுக்குள் மறையும்வரை அவள் நின்ற இடம் விட்டு அசையவில்லை.

உள்ளேயிருந்து தீர்த்தகிரி கேட்டான். "போய்ட்டானா?"

"வெளிய வந்து பாக்க ஒனக்குக் கால் இல்லியா?" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் நிற்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்தாள்.