முப்பத்திரண்டு எம்.பி.யில் ஒரு சமையலறை ஜன்னல்

என் தொழிலில் நான் சொன்ன பொய்களுக்குள் மிகவும் உபயோகமான பொய் எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: "கம்ப்யூட்டர்லயே உங்க வீட்டைக் காட்டிடறேன் மேடம்."

அதைச் சொன்ன நாளில் என்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது. செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு டிராயிங் போர்டு, இரண்டு நாற்காலி, நான். மூன்றாவது ஆள் வந்தால் நான் எழுந்து நிற்பேன். தொண்ணூறுகளின் கடைசி அது. வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் டிரேசிங் பேப்பரில் பிளேடால் சுரண்டித் திருத்திக்கொண்டிருந்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்த கணவனும் மனைவியும். அவர் அணு ஆராய்ச்சியில் இருப்பவர், சட்டைப் பையில் மூன்று கலர் பேனா. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் மனை வாங்கி காம்பவுண்டு சுவரும் எழுப்பி, கேட்டுக்கு இடமும் விட்டு வைத்திருந்தார்கள். வீட்டுக்குத்தான் பிளான் வேண்டும். அந்த அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.

"பதினோரு வருஷமா எதிர் பிளாக்கோட பாத்ரூம் பைப்பைப் பார்த்துக்கிட்டே தோசை சுடறேன் சார். பெல் அடிச்சாத்தான் யாரோ வந்திருக்காங்கன்னே தெரியும். அப்ப பார்த்து பால் பொங்கும். புது வீட்டுல சமையல்கட்டு ஜன்னல்ல நின்னா கேட்டு தெரியணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம். ஆனா கட்டறதுக்கு முன்னாடி நான் கண்ணால பார்க்கணும்."

"மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல காட்டறாங்களாம்" என்றார் கணவர், கூரையைப் பார்த்தபடி.

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். மூன்று வாரம் அவகாசமும் கேட்டேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று ஒரு குட்டிப் பொய்யும் துணைக்கு.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. என் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வரும்போது வீடு வடிவமைக்கும் மென்பொருள் ஒன்றின் சிடியைக் கொண்டுவந்து கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை அதை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து, அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் வாங்க மெட்ராஸ் ரிச்சி தெருவுக்கு மின்சார ரயிலேறினேன். கடைக்காரர் சின்ன வயதுக்காரர், ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகியிருந்தார்.

"கேம்ஸ் ஆடுவீங்களா சார்?"

"வீடு கட்டுவேன்."

"அப்ப ராம் அறுபத்து நாலு போட்டுக்குங்க. கிராபிக்ஸ் கார்டும் நல்லதா போடணும். மானிட்டர் பதினஞ்சு இஞ்ச் போதும்."

"மானிட்டர் பதினேழு போட்டா?"

"போடலாம். ராம் பாதியாயிடும்."

கையில் இருந்ததற்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். நான் என் அறிவைக் கூர்மையாக்கி யோசித்தேன். வருகிற வாடிக்கையாளர் எதைப் பார்ப்பார்? மானிட்டரை. ராமை யார் பெட்டியைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்? முப்பத்திரண்டு எம்.பி. ராமும் பதினேழு அங்குல மானிட்டரும் வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணத்துக்குப் பந்தலை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை மறந்தவனைப் பார்க்கிற இரக்கம் இருந்தது. தாம்பரம் வரைக்கும் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு கால்கள் மரத்துப்போய்விட்டன.

சிடியைப் போட்டுத் திறந்தால், அமெரிக்கா. எல்லா வீட்டுக்கும் பனி வழுக்கி விழுவதற்கு வசதியாகக் கூரை சரிந்திருந்தது. ஹாலில் குளிர்காயும் அடுப்பு, கூரையில் அதன் புகைக்கூண்டு. நாய்க்குத் தனி வீடு இருந்தது, சாமிக்கு ஒரு மூலைகூட இல்லை. நல்ல வேளையாக அவர்களும் அடி, அங்குலத்தில் அளக்கிறவர்கள். அமெரிக்காவும் செங்கல்பட்டும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஊர்ப்படுத்தினேன். கூரையின் சரிவைப் பூஜ்யமாக்கினால் மொட்டை மாடி. பூ ஜாடியைப் பெரிதாக்கிச் சிவப்படித்தால் கேஸ் சிலிண்டர், அதை இன்னொன்று நகலெடுத்தால் ஸ்பேர் சிலிண்டர். நாய் வீட்டின் வாசலை உயர்த்தி இரண்டு கதவு வைத்தால் பூஜை அலமாரி. இதை வாடிக்கையாளர்களிடம் இன்றுவரை சொன்னதில்லை. ஊசியிலை மரத்தைத் தென்னையாக்கப் பார்த்தேன், அது மழைக்கு விரித்த குடையாகவே நின்றது. அடுப்பை மட்டும் எவ்வளவு முயன்றும் அழிக்க முடியவில்லை. அழித்தால் ஹாலும் சேர்ந்து அழிந்தது. போகட்டும் என்று அதன்மேல் ஒரு டி.வி.யை வைத்தேன்.

காட்டவேண்டிய நாள் வந்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் திரை இருட்டு, பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப், பீப். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ரிச்சி தெருவுக்குப் போன் போட்டேன்.

"ராமைப் பிடுங்கி, மஞ்சளா பல்லு மாதிரி இருக்குமே, அதை ரப்பரால தேய்ங்க சார்" என்றார் கடைக்காரர்.

"விளையாடறீங்களா?"

"பென்சில் அழிக்கிற ரப்பர் சார். இருக்கா உங்ககிட்ட?"

என்னிடம் எது இல்லாவிட்டாலும் அது இருந்தது. பத்து வருடம் டிராயிங் போர்டில் என் தப்பையெல்லாம் அழித்த ரப்பர். தேய்த்தேன், சொருகினேன், உயிர் வந்தது. என் பழைய தொழில் என் புதிய தொழிலுக்குச் செய்த முதல் உதவி.

தம்பதிகள் வந்து உட்கார்ந்தார்கள். நான் நின்றேன். முதலில் வெளித்தோற்றம்.

"ஹால்ல என்னது சார், அடுப்பா?" என்றார் கணவர். ஜன்னல் வழியாகவே கண்டுபிடித்துவிட்டார்.

"டி.வி. ஸ்டாண்டு சார்."

"மாடியில புகைக்கூண்டு?"

"கேபிள் வயர் எறக்கறதுக்கு."

அவர் மூன்று பேனாக்களில் சிவப்பை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். "சுவர் ஏன் இவ்வளவு மெல்லிசா இருக்கு? ஒன்பது இஞ்ச் சுவர் இல்லையா?" அது வாஸ்தவம். அமெரிக்காவில் பலகையால் கட்டுகிறார்கள் போலிருக்கிறது. மென்பொருள் தானாக நாலரை அங்குலம் வைத்திருந்தது. "அது ஒரு நிமிஷ வேலை சார், மாத்திடறேன்" என்றேன். இந்த ஒரு நிமிஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சமையலறைக்குள் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கும் காட்சி. பொத்தானை அழுத்தினேன். இங்கேதான் நான் மிச்சம் பிடித்த ராம் தன் குணத்தைக் காட்டியது. படம் மேலிருந்து ஒரு கோடு, ஒரு கோடாக இறங்கியது. கால் மணி நேரம் ஜன்னலுக்கு மேலே உள்ள உத்தரம் மட்டும்தான் தெரிந்தது. அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தார். ஜெராக்ஸ் கடைப் பையனை அனுப்பி டீ வரவழைத்தேன். டீ முடிந்தபோது ஜன்னலின் மேல் கம்பி வந்திருந்தது. வானம் வந்தது. குடைத் தென்னை வந்தது. காம்பவுண்டு சுவரின் தலை வந்தது.

கரண்டு போனது.

"கேட்டு வர்றதுக்குள்ள போயிடுச்சே" என்றார் அந்த அம்மா, பாதிக் கதையில் எழுப்பிவிட்ட மாதிரி. பிறகு எழுந்து, "சரி சார், உங்களை நம்பறேன். கட்டி முடிச்சு கேட்டு தெரியலைன்னா, தினமும் உங்க ஆபீசுக்கு வந்து ஒரு குடம் பாலைப் பொங்க விடுவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலமே சுவரின் கனத்தை நாலரையிலிருந்து ஒன்பதாக மாற்றினேன். ஒரே பொத்தான். வீட்டின் அத்தனை சுவரும் ஒன்றாகத் தடித்தது. போர்டில் இதைச் செய்ய இரண்டு நாள் ஆகும் என்று நினைத்து என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அப்படியே பிரிண்ட் எடுத்தேன்.

பூமி பூஜைக்கு பூஞ்சேரி மனையில் எல்லாரும் கூடினோம். நல்ல நேரம் ஒன்பது மணி வரை. மேஸ்திரி நெம்மேலிக்காரர், நான் போட்ட பிளான் பலவற்றைக் கட்டியவர், அதைவிட அதிகமாகத் திருத்தியவர். மணலில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு என் பிரிண்டை விரித்தார். விரலால் ஓர் இடத்தைத் தொட்டார்.

"இன்னா அண்ணாத்த இது, சமையக்கட்டு ஒம்பது அடி ஏழரை இஞ்சுன்னு கீது?"

"பத்தடி மேஸ்திரி."

"நீ பத்துன்ற, உன் கம்ப்யூட்டரு ஒம்பதே சொச்சம்ன்னுது. ரெண்டு பேரும் முதல்ல பேசி முடிச்சிக்கினு வாங்க."

பார்த்தேன். எல்லா அறையிலும் நாலரை அங்குலத்தைக் காணவில்லை. தடிக்கச் சொன்னால் சுவர் வெளிப்பக்கம் மட்டும் தடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது நியாயஸ்தன் மாதிரி இரு பக்கமும் சமமாகத் தடித்து, நான் பார்த்துப் பார்த்து வைத்த உள்ளளவையெல்லாம் தின்றிருந்தது. மனையடி சாஸ்திரத்தில் உள்ளளவுதான் கணக்கு. பத்தடி நல்லது, ஒன்பது ஆகாது.

"எங்களுக்கு இதுல எல்லாம் பெரிய நம்பிக்கை இல்ல" என்று முதல் நாளே சொன்ன கணவரைத் தைரியமாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. பேனாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகம் வெளியே வந்தது. மனையடி சாஸ்திரமேதான். பல இடத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு.

"இவளுக்காக..." என்று ஆரம்பித்தார்.

"என் தலையில போடாதீங்க" என்றார் மனைவி. "எனக்கு ஏழடின்னாலும் சரி. ஆபீஸ் டிராயர்ல அந்தப் புஸ்தகத்தைப் பூட்டி வச்சிருந்தது நீங்கதான்."

மேஸ்திரி வேறு பக்கம் திரும்பித் துண்டால் வாயைத் துடைத்தார்.

அறைகளைப் பழைய அளவுக்கு நீட்டலாம். பின்பக்கம் இடமில்லை. முன்பக்கம் நீட்டினால் சமையலறைக்கு நாலரை, அதன் பின்னால் இருக்கும் படுக்கையறைக்கு நாலரை, ஆக வீடு முழுக்க ஒன்பது அங்குலம் ரோட்டை நோக்கி நகர வேண்டும். கேட்டோ காம்பவுண்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜன்னலுக்கும் கேட்டுக்கும் நடுவே மாடிப்படியின் பக்கச்சுவர் வேறு நீட்டிக்கொண்டு நிற்கும். கேட்டு தெரியுமா, மறையுமா? செங்கல்பட்டுக்குப் போய் கம்ப்யூட்டரைக் கேட்டால் மேல் கம்பி வருவதற்குள் நல்ல நேரம் முடிந்துவிடும்.

"அதெல்லாம் வேணாம். இங்கயே கட்டிக் காட்டறேன்" என்றார் மேஸ்திரி. புது அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். படிச்சுவர் வரவேண்டிய இடத்தில் இரண்டு சவுக்குக் கம்பை நட்டுத் தார்ப்பாயைக் கட்டினார். ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கம்பு. "யம்மா, நீ வந்து உள்ள நில்லு. தோசை சுடு." அந்த அம்மா மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறைக்குள் வந்து நின்றார்.

"கேட்டு?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காம்பவுண்டு இடைவெளியில் போய், கைகளை விரித்துக்கொண்டு கேட்டாக நின்றேன். ரோட்டில் போன பஸ் ஒன்று நான் நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து நின்றுவிட்டுப் போனது.

"என்ன தெரியுது?" என்று கத்தினேன்.

"உங்க இடது கை. கடிகாரம். அவ்ளோதான்."

"அது கேட்டு இல்லயே, கேட்டோட தாழ்ப்பாளு" என்றார் மேஸ்திரி. "அண்ணாத்த, ஜன்னல எதுக்கு செவுத்துக்கு நட்ட நடுவுல வச்ச?"

வைத்தது நானில்லை, மென்பொருள். எந்தச் சுவரில் ஜன்னலைப் போட்டாலும் அது தானாக நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல், "காத்தோட்டத்துக்கு" என்றேன்.

மேஸ்திரி இரண்டு கம்பையும் பிடுங்கி, படிச்சுவரை விட்டு விலகி ஒன்றரை அடி தள்ளி நட்டார். அந்த அம்மாவும் ஒன்றரை அடி நகர்ந்து நின்றார்.

"இப்பப் பாருங்க!" என்றேன். என் தோள் கழன்றுகொண்டிருந்தது.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். பிறகு, "தெரியுது சார்! முழுசா தெரியறீங்க! தலை, கை, கால் எல்லாம்..." என்ற குரல் திடீரென்று உயர்ந்தது. "மாடு! சார், பின்னாடி மாடு! வாழைப்பழத்துக்கு வருது!"

திரும்பினேன். பூஜைத் தட்டைக் குறிவைத்து ஒரு பழுப்புப் பசு, என் விரித்த கைக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. மனையில் பத்துப் பேர் நின்றிருந்தோம், அதை முதலில் பார்த்தது சமையலறையில் நின்றவர்தான். அவரே சுண்ணாம்புச் சுவரைத் தாண்டி ஓடிவந்து தட்டைத் தூக்கினார். ஒரு சீப்பில் இரண்டு பழம்தான் நஷ்டம்.

நல்ல நேரத்தில் மிச்சம் இருக்கும்போதே முதல் செங்கல் இறங்கியது. கணவர் மட்டும் டேப்பை எடுத்துப் பத்தடியை இரண்டு தடவை அளந்துகொண்டார்.

ஊருக்கு வந்ததும் மென்பொருளில், சுவர் எந்தப் பக்கம் தடிக்க வேண்டும் என்று சொல்லும் கட்டத்தைக் கண்டுபிடித்தேன். முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. மனையடிக்கு ஆகாத அளவு வந்தால் எண் சிவப்பாக மாறும்படி ஒரு அட்டவணையும் செய்து பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன். அடுத்த மாதமே ராமை இரட்டிப்பாக்கினேன். அதன்பிறகு நாவலூரிலும் சிறுசேரியிலும் சாப்ட்வேர்க்காரர்கள் வீடு கட்டவும் பிளாட்டை மாற்றவும் வந்தார்கள். என்னைவிட ஆயிரம் மடங்கு கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், என் சிவப்பு எண்ணைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "நம்பிக்கையெல்லாம் இல்ல, வொய்ஃபுக்காக" என்றார்கள். நான் மனைவியரைப் பார்ப்பேன். அவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். ஜன்னலை மட்டும் நான் மென்பொருளிடம் விட்டதே இல்லை. இன்னமும் மனைக்குப் போய்க் கம்பை நட்டுத்தான் பார்க்கிறேன். கேட்டாக நிற்பதில் எனக்கு இப்போது நல்ல அனுபவம்.

சில வருடம் கழித்து மாமல்லபுரத்தில் ஒரு வேலையாகப் போனவன், அந்த வீட்டைப் பார்க்கலாமே என்று பூஞ்சேரியில் இறங்கினேன். புகைக்கூண்டு இல்லாத மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சொல்லாமல் போய் ஆச்சரியப்படுத்தலாம் என்று, சத்தமில்லாமல் கேட்டைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"சார்! வாங்க, வாங்க!" என்றது சமையலறை ஜன்னல், கையில் தோசைக் கரண்டியோடு. "அந்தக் கேட்டை முதல்ல சாத்துங்க, மாடு வந்துடும்."

சாத்தினேன். கொக்கியையும் போட்டேன்.