வேஸ்ட்டாகக் கிடந்த ஹரிக்கேன்

எங்கள் சிச்சா ஸ்கூட்டரையே சந்து திரும்பும்போது காலை ஊன்றித்தான் ஓட்டுவார். ஆனால் இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானங்களைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தவர்கள் சுலபத்தில் மீண்டதில்லை. சிச்சா என்றால் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி. அப்போது கல்யாணம் ஆகவில்லை. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எங்களுடைய பெயிண்ட் கடை; கடைக்கு மேலே வீடு; வீட்டின் பின்னறையில் சிச்சா; சிச்சாவின் தலைக்கு மேலே பரண் முழுக்க விமானங்கள்.

விமானங்கள் என்று சொல்வதுகூட மிகைதான். எல்லாம் அட்டைப்பெட்டிகள்; 'கிட்' என்பார் சிச்சா. உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் றெக்கையும் வாலும் சக்கரமும் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசினால் அச்சு அசலான விமானம் கைக்குள் அடங்கும். சிச்சா வாங்குவார், பிரித்து முகர்ந்து பார்ப்பார், மூடிப் பரணில் வைத்துவிடுவார். "செய்யலாம் பாப்பா, அவசரம் இன்னா?" என்பார். இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் எல்லோருமே அப்படித்தானாம். மூங்கில்துறைப்பட்டு மில்லில் ஃபிட்டராக இருந்த அவருடைய ஒரே கூட்டாளி, நாங்கள் மில் அண்ணன் என்று கூப்பிடுபவர், கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தார். இருவரும் சேர்ந்து வருஷத்துக்கு ஒன்று செய்து முடித்தால் அதிகம்.

எனக்கோ கை பரபரக்கும். ஆறாம் வகுப்புப் போன புதிதில் சிச்சாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குட்டி விமானத்தை வாங்கி நானே வெட்ட ஆரம்பித்தேன். முதல் நாளே பிளேடு விரலில் ஏறி, பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தேன். அத்தா அன்றைக்குக் கத்தியது எதிர்க்கடை வரைக்கும் கேட்டது.

"இனிமே இந்தப் பிளேன் எழவு எதையும் புள்ளைக்குன்னு காசு குடுத்து வாங்கக் கூடாது. உனக்கு வேணும்னா வாங்கிக்க, அது உன் பாடு. அவளுக்கு வேணும்னா வேஸ்ட்டா கெடக்குறது எதுனா இருந்தா ஒட்டிக்கினு கெடக்கட்டும்!"

எங்கள் வீட்டில் அத்தா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அம்மாகூட எனக்காகப் பேசவில்லை. சிச்சாவின் பரணிலோ வேஸ்ட் என்று ஒன்றுமே கிடையாது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பைக்கூட அவர் பத்திரப்படுத்துகிற ஜாதி.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. சிச்சா படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். புது ஹரிக்கேன் வரப்போகிறதாம்! பர்மா பக்கம் நம்மாட்களும் ஓட்டிய விமானம். அவர் பரணில் ஏற்கெனவே ஒரு ஹரிக்கேன் இருந்தது. பழைய அச்சில் வார்த்தது. மூக்கு கொஞ்சம் பருமன். நிஜ விமானத்தில் வால் பக்கம் துணி போர்த்தியிருக்குமாம். பழைய கிட்டில் அந்த இடம் பட்டினி கிடந்த மாட்டின் விலா மாதிரி வரிவரியாகத் துருத்திக்கொண்டிருக்கும். இப்போது கம்பெனிக்காரர்கள் முதலிலிருந்து புதிதாக அச்சுச் செய்கிறார்கள் என்று போனில் படம் காட்டினார்.

"புதுசு வந்துட்டா பழசு இன்னா ஆவும் சிச்சா?" என்று கேட்டேன்.

சிச்சா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது இன்னாத்துக்கு அப்புறம்? வேஸ்ட்டுதான்" என்றார்.

அடடா, எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அன்றிலிருந்து உலகத்திலேயே அந்தப் புது ஹரிக்கேனை அதிகம் எதிர்பார்த்தது நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல், "வந்துச்சா?" என்பேன். வராது. அடுத்த மாதம் என்பார்கள். அடுத்த மாதம் வந்தால் அதற்கடுத்த மாதம் என்பார்கள். நோன்பு வந்து, பெருநாளும் வந்து போயிற்று. புது ஹரிக்கேன் மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மில் அண்ணன் பஸ் ஏறி வந்துவிடுவார். போனில் வந்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இருவரும் சண்டை போடுவார்கள்.

"மூக்கு இன்னும் ஒரு நூல் குண்டா இருக்குது பாருங்க பாய்."

"அது படம் எடுத்த கோணம்ப்பா. றெக்கையில ஆணி வரிசைய பாரு, இன்னா சுத்தம்!"

பிறக்காத பிள்ளைக்கு மூக்குச் சரியில்லை என்று அடித்துக்கொள்வதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். இதற்கிடையில் சிச்சா, விமானம் வருவதற்கு முன்பே அதற்கு நகைநட்டு வாங்க ஆரம்பித்தார். தனியாக வார்த்த சக்கரங்கள், முடிபோல மெல்லிய பெல்ட்டோடு கூடிய விமானி இருக்கை, தண்ணீரில் நனைத்து ஒட்டும் வட்டச் சின்னங்கள் என்று ஒவ்வொரு பொட்டலமாக வந்தது. "பிளேனே வரல, அதுக்குள்ள சக்கரம் வந்து எறங்கிடுச்சா?" என்று அத்தா கல்லாவிலிருந்து கேட்பார். சிச்சா இளித்துவிட்டு மாடியேறிவிடுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"புதுசு வந்ததும் அந்தப் பழசை எனக்குக் குடுத்துடுங்க பாய். றெக்கைய மட்டும் வெட்டி எடுத்துக்கினு மிச்சத்தத் தூக்கிப் போட்டுடறேன்."

வெட்டி எடுத்துக்கொள்வாராம்! சிச்சா 'கிடையாது' என்று சொல்லக் கூடாதா? "பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மில் அண்ணன் வந்தால் நான் 'வாங்க' என்றுகூடக் கேட்கவில்லை. டீயை அவர் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுப் போவேன். பாவம் மனுஷன், பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று அம்மாவிடம் விசாரித்தார்.

ஒரு வழியாகப் பெட்டி வந்தது. மூவரும் இல்லாமல் பிரிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். மூன்றாவது ஆள் நான்தான். முதலில் காதருகே வைத்துக் குலுக்கிக் கேட்க வேண்டும். பிறகு மூடியைத் திறந்து மூச்சை இழுத்து முகர வேண்டும். அதன் பிறகுதான் கை வைக்கலாம். கல்யாண வீட்டில்கூட இவ்வளவு முறை பார்க்க மாட்டார்கள். வால் பக்கத்துத் துணி நிஜத் துணி மாதிரியே இருந்தது. மில் அண்ணன் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியதாக எனக்கு ஞாபகம்.

பிறகு சிச்சா பொட்டலங்களைப் பிரித்தார். சக்கரத்தை வைத்துப் பார்த்தார். ஓட்டை பெரிது, லொடலொடவென்று ஆடியது. இருக்கையை வைத்தார், உள்ளே நுழையவில்லை. சின்னங்களை ஏந்திப் பார்த்தார், அளவு ஒத்துவரவில்லை.

"அடச்சே!" என்று நெற்றியில் அறைந்துகொண்டார். "பழைய கிட்டுக்கு உண்டானதையெல்லாம் வாங்கித் தொலைச்சிட்டேனே!"

மில் அண்ணன் வாயைத் திறந்தார். சிச்சாவின் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு திறந்த வாய்க்குள் ஒரு பிஸ்கட்டைப் போட்டு மூடிக்கொண்டார். அத்தா வாசலில் வந்து நின்றிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"இன்னாடா, எல்லாம் வேஸ்ட்டா?"

"வேஸ்ட்டுதான் அண்ணே."

"பழைய பொட்டி?"

"அதுவும் வேஸ்ட்டுதான்."

அத்தா மில் அண்ணனைப் பார்த்தார். "எனக்கு இன்னாத்துக்குங்க அது, கட்டுலு கீழ எடமே இல்ல" என்றார் அவர். அத்தா என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்போ அவகிட்ட குடுத்துத் தொல. பிளேடு மட்டும் நீதான் புடிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு இறங்கிவிட்டார்.

முழுப்பரீட்சை லீவு முழுக்க என் ஹரிக்கேன்தான். சிச்சா வெட்டிக் கொடுப்பார். நான் தேய்ப்பேன், ஒட்டுவேன். துருத்திய விலாவையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத் துணியாக்கினேன். அந்தச் சக்கரமும் இருக்கையும் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தன. வண்ணம்தான் பாக்கி. கரும்பச்சையும் மண்ணின் பழுப்பும் வேண்டும். காசு கொடுத்து வாங்க வழியில்லையே என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, அத்தா கடையிலிருந்து இரண்டு சின்ன டப்பாக்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"எவனோ வூட்டுக்குன்னு கலக்கச் சொல்லிட்டு, புடிக்கலன்னு வுட்டுட்டுப் பூட்டான். வேஸ்ட்டா கெடக்குது. வேணும்னா எடுத்துக்க."

திறந்து பார்த்தேன். ஒன்றில் கரும்பச்சை, ஒன்றில் பழுப்பு. என் அதிர்ஷ்டத்தை நினைத்து நானே குதித்தேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிறு எல்லோரும் கோமுகி அணைக்குப் போனோம். படம் எடுக்க மலை வேண்டும் என்றார் சிச்சா. கல்வராயன் மலைதான் அன்றைக்குப் பர்மா. சிச்சா கரையில் மல்லாந்து படுத்துப் போனைப் பிடித்தார். மில் அண்ணன் வெளிச்சம் பார்த்தார். மெல்லிய கம்பியின் நுனியில் என் விமானத்தை உயரத் தூக்கிப் பிடித்தது அத்தா. கச்சிராயபாளையத்துக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "கை நோவுதுடா, சீக்கிரம் எடு" என்றாரே தவிர, கையை இறக்கவில்லை. படத்தில் கம்பி தெரியவில்லை. மலைக்கு மேல் நிஜமாகவே பறக்கிறது. நான் செய்தது பறக்கிறது! அன்றைக்கு இருந்த சந்தோஷம் இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் வந்துவிடும்.

புது ஹரிக்கேன் சிச்சாவின் பரணில்தான் இருக்கிறது, வந்தது வந்தபடி. செய்யலாம், அவசரம் என்ன? எங்கள் சிச்சா எப்படி ஏமாந்து போய்த் தப்பான சாமான்களாகப் பார்த்துப் பார்த்து வாங்கினார் என்ற கதையை நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். போனில் வந்த படத்தில் ஆணி வரிசையை எண்ணுகிற மனுஷன் அவர் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ரோஸ் அடிப்பார்கள், கிளிப்பச்சை அடிப்பார்கள், எலுமிச்சை மஞ்சள் அடிப்பார்கள். சண்டை விமானத்தின் கரும்பச்சையையும் மண் பழுப்பையும் யார் கேட்டார்கள்? அதுவும் அத்தனை சின்ன டப்பாவில்?

அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. வால் பக்கம் பச்சையைப் பூசிக்கொண்டே அந்த முகம் தெரியாத ஆளுக்காக நான் வருத்தப்பட்டதுதான் ஞாபகம் இருக்கிறது. பாவம், இவ்வளவு அழகான கலரைப் பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டுப் போய்விட்டாரே.