என் கையில் இருந்த மூச்சு

எனக்கு எண்பத்தொரு வயது. வளர்த்தது எட்டுப் பேரை. ஐந்து நான் பெற்றது, மூன்று என் ஓரகத்தி பெற்றது. ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. தாராபுரத்துக்குத் தெற்கே ஒரே கூரையின் கீழ், நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு, இரண்டு குடும்பமாக இருந்தோம். என் பெயரை நான் எழுதுவேன். பஸ்ஸில் இருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். என்னை அம்மிச்சி என்பாள், ஓரகத்தியைச் சின்னம்மிச்சி என்பாள். எழுத்துத்தான் அவளுடையது, சொல் என்னுடையது. அதை யாரும் மாற்ற நான் விடவில்லை.

கண்ணை மூடினால் எனக்கு முதலில் வருவது ஒரு கறுப்பு ரப்பர் பை. உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு கைக்குள் அடங்கும். அமுக்கினால் 'புஸ்' என்று போகும், விட்டால் தானாக உப்பிக்கொள்ளும். தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி மாதம், டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் அந்தப் பையை என் கையில் கொடுத்தார்கள். அதன் மறுமுனையில் என் ஓரகத்தி கிடந்தாள்.

அந்தச் சமயம் எங்கள் இருவருக்கும் ஆறேழு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் ஆடு அவள் வைத்த முருங்கைக் கன்றைக் கடித்துவிட்டது, அதுதான் காரணம். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், ஒரு சுவரைப் பங்கு போட்டவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் மட்டும் இரண்டு அடுப்பிலும் தின்றார்கள். நாங்கள் பேச வேண்டியிருந்தால் கோழியிடம் பேசுவோம். "திங்கறது இங்க, முட்டை போடறது அங்க, வெக்கங்கெட்ட கோழி" என்று அவள் சொன்னால், என் பக்கத்துக் கோழியிடம் நான் பதில் சொல்வேன். கோழிகள்தான் பாவம்.

அன்றைக்கு விடிந்ததும் அவளுக்கு வயிற்று வலி. பழைய சோறு சேரவில்லை என்று நினைத்தார்கள். நான் தோட்டத்தில் பால் பீச்சிவிட்டுத் திரும்பி வருகிறேன், அவள் வாசப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண் இமை இரண்டும் பாதி இறங்கியிருந்தது. நேராக என் முகத்தைப் பார்த்து, "கண்ணத் தொறக்க முடியலைங்கக்கா" என்றாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. குரல் மூக்கு வழியாக வந்தது. பாயை உதறினார்கள். அடியில் கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. அது கடித்தால் வலிக்காது, தடமும் தெரியாது, தூங்குகிறவள் தூங்கிக்கொண்டே இருப்பாள்.

தோட்டத்துக்காரர் வேனில் போட்டுக்கொண்டு போனோம். வழியில் எச்சில் விழுங்க முடியாமல் போயிற்று, பிறகு கை விழுந்தது, கடைசியில் மூச்சு. டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. வாய்வழியாகக் குழாயை இறக்கி, பையை மாட்டி, மருந்து ஏற்றினாள். இருந்த ஒரு மூச்சு மிஷினில் வேறொரு உயிர் கிடந்தது. "இதயம் துடிக்குதும்மா. விஷம் நரம்பைக் கட்டிப் போட்டிருக்கு. அது எறங்கற வரைக்கும் நாம மூச்சுக் குடுத்தாப் பொழைச்சுக்குவாங்க. இந்தக் கை நின்னா அவங்களும் நின்னுருவாங்க" என்றாள். என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் நானும் மாறி மாறி அமுக்கினோம். ஆண்கள் கை அவசரப்பட்டது. என்னுடையது பால் பீச்சுகிற கை. காம்பைப் பிடித்தால் நிதானம் தானாக வரும். அதனால் பெரும்பாலும் நானே உட்கார்ந்தேன்.

உயிரோடு இருக்கிற உடம்பையும் பார்த்திருக்கிறேன், செத்த உடம்பையும் குளிப்பாட்டியிருக்கிறேன். அது இரண்டிலும் சேராத உடம்பு. தாடை தொங்கிக் கிடந்தது. டாக்டரம்மா இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். கறுப்பு விழி பெரிதாக விரிந்து, அறுத்த ஆட்டின் கண் போல் அப்படியே நின்றது. உதட்டோரம் ஒரு ஈ உட்கார்ந்து நடந்தது. உதடு துடிக்கவில்லை. ஆனால் தொட்டால் சூடு. அந்தச் சூடுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் அமுக்கினால் மார்பு ஏறும், விட்டால் இறங்கும். ஒரு மனுஷியின் நெஞ்சுக்கூடு என் ஐந்து விரல் சொன்னபடி கேட்கிறது. அவள் அங்கே இருக்கிறாளா, அல்லது நான் ஒரு ரப்பர் பையிலிருந்து ஒரு தோல்பைக்குக் காற்றை மாற்றிக்கொண்டிருக்கிறேனா?

சும்மா உட்கார்ந்தால் அந்த நினைப்பு வந்துவிடும் என்பதால் பேசினேன். பேசினேன் என்ன, திட்டினேன். "இங்க பாரு அம்மணி, நீ பாட்டுக்குப் போய்ச் சேந்துட்டா உன்ற முருங்கைக்கு ஆரு தண்ணி ஊத்துவா? நான் ஊத்த மாட்டேன். என்ற ஆட்டுக்குத்தான் ஒடிச்சுப் போடுவேன், பாத்துக்க." ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு அமுக்கு. அப்படித்தான் தாளம் தப்பாமல் ஓடியது.

மறுநாள் பெரிய மாமனார் வந்தார். என் மாமனாரின் அண்ணன், எங்கள் வகையறாவுக்கு மூத்தவர். கட்டிலின் தலைமாட்டில் நின்று பார்த்தார். "ஏங்கண்ணு, சைக்கிள் டியூப்புக்கா காத்தடிக்கற? இது போயி எத்தன நேரமாச்சு. உடம்பு நாறறதுக்குள்ள ஊட்டுக்குக் கொண்டுக்கிட்டுப் போற வழியப் பாருங்க" என்றார். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "டாக்டருக சொல்லத்தான் செய்வாங்க" என்று கையை உதறினார். எங்களில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து போர்த்திய பிறகுதான் எடுக்க முடியும். அவள் அண்ணன் இருப்பதோ மதுக்கரையில், சிமெண்ட் ஆலை வேலை. "அவன் அங்கிருந்து வந்து சேரோணுமில்ல?" என்று பெரியவர் முன்கூட்டியே போன் பண்ணி, முடிந்துவிட்டது என்றே சொல்லிவிட்டார். ஊரில் குழி தோண்டவும் ஆள் அனுப்பிவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும் அவருக்கு.

அண்ணன்காரன் வந்தான். ஏதோ மனத்தாங்கலில் தங்கச்சி மகள் சீருக்குக்கூட வராமல் நின்றவன். கக்கத்தில் கோடிச் சேலை, கிளிப்பச்சை. அதை அவள் கால்மேல் வைத்துவிட்டு, "பச்சைன்னா இதுக்கு உசுரு. சின்னதுல இருந்தே பச்சைதான் கேக்கும்" என்று சொல்லி, குழந்தை மாதிரி அழுதான். அவன் பெண்டாட்டி தரையில் உட்கார்ந்து ஒப்பாரியே எடுத்துவிட்டாள். அவள் பாட, நான் அமுக்க, மார்பு ஏறி இறங்க, பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள். "நங்கையா, எல்லாரும் சொல்றாங்களே. உட்டுரலாமுங்களா? நீங்க சொன்னாச் சரி" என்றார். எனக்கு அப்போது வலது கை விரல்கள் என்னுடையதாகவே இல்லை. மடக்கினது நிமிரவில்லை. இடது கைக்கு மாற்றி, அதுவும் மரத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பையை வைத்து நெரித்துக்கொண்டிருந்தேன். மனசு வேண்டும் என்றாலும் கை மாட்டேன் என்கிற ஒரு எல்லை இருக்கிறது. அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் என் வாய் சொன்னது: "அந்தச் சேலையை எடுத்து அக்கட்டால வைங்க. இவ இன்னும் என்ற கையிலதான் இருக்கறா. ஏனுங் மச்சான், அழுதது போதும், வந்து இந்தப் பையப் புடிங்க." அண்ணன்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தான். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த நாள் வெயில் ஜன்னலுக்கு வந்த நேரம், பை என் கையில் இருந்தபோது அது நடந்தது. நான் அமுக்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு. பால் பீச்சும்போது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த கன்று, நம் கைக்கு அடியில் மூக்கை நுழைத்து ஒரு இழுப்பு இழுக்குமே, அந்த மாதிரி. கட்டிலைப் பார்த்தால் முகம் அதே பிணமுகம். கண் மூடித்தான் இருக்கிறது. ஆனால் உள்ளேயிருந்து யாரோ மூச்சைக் கேட்டு வாங்குகிறார்கள்.

பிறகு கால் விரல், பிறகு இமை. குழாயை எடுத்தபோது தொண்டை புண்ணாகிப் போயிருந்தது. காற்றும் சத்தமுமாக அவள் சொன்ன முதல் பேச்சு: "முருங்கைய ஆட்டுக்குப் போட்டுட்டீங்களாக்கா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். குழி தோண்டச் சொன்னதை, நாறும் என்றதை, ஒப்பாரியின் ஒவ்வொரு அடியையும். "கெணத்துக்கு அடியில கெடந்துக்கிட்டு மேல பேசறதக் கேக்கற மாதிரி இருந்துச்சுங்க. கத்திக் கத்திப் பாத்தேன், சத்தமே வரலை" என்றாள். கையைப் பார்க்காமலே எந்த மூச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. புருஷன் மூச்சு பயந்த மூச்சு, அண்ணன் மூச்சு விக்கல் மாதிரி. "உங்க மூச்சு வந்தாத்தான் கொஞ்சம் கண்ணசருவனுங்க. ஆனா வாய மூட மாட்டீங்களே" என்றாள்.

ஊருக்கு வந்ததும் பெரிய மாமனார் பார்க்க வந்தார். அவளே காப்பி கொண்டுவந்து வைத்து, மரியாதையாக, "சைக்கிளுக்குக் காத்து நெறஞ்சுதுங்களா மாமா?" என்றாள். மனுஷன் காப்பியைத் தொடாமல் எழுந்தார். அதன் பிறகு எங்கள் வாசல் பக்கம் வரவே இல்லை. வாங்கின கோடியைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது, உயிரோடு இருக்கிறவள் கட்டவும் கூடாது. எரித்துவிடு என்றார்கள். அவள் அதைக் கட்டிக்கொண்டு களை வெட்டப் போனாள். "எங்கண்ணன் எனக்குப் புடிச்ச நெறம்னு நெனச்சு எடுத்தது. செத்தப்பறம் கட்டுனா எனக்குத் தெரியுமா?" வரப்பில் அந்தப் பச்சை வருவதைப் பார்த்தால் எதிரில் வருகிறவர்கள் இறங்கி நிற்பார்கள். அவள் காலுக்கு நிழல் விழுகிறதா என்று பார்த்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். நைந்து கரித்துணியாகும்வரை கட்டித் தீர்த்தாள். நானோ ஒரு மாதம் பால் பீச்சவில்லை. இந்த வலது கட்டைவிரல் இன்றைக்கும் நேராக நிமிராது.

மனித உடம்பு எத்தனை தாங்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். தாங்கினதற்கு அது கூலி கேட்கும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவள் அதற்குப் பிறகு மல்லாந்து படுத்ததே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். இன்னொன்றும் உண்டு. அவளும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தால், கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு என் மூச்சோடு சேர்ந்துகொள்ளும். நான் இழுக்கும்போது இழுப்பாள், விடும்போது விடுவாள். சொன்னால், "அது உங்க மூச்சுத்தானுங்களே" என்பாள். நான் வேண்டுமென்றே எழுந்து போய்விடுவேன்.

போன மாதம் தண்ணித்தொட்டி பக்கத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தம் உறைந்துவிட்டது என்று பெரிய பெரிய படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உள் அறையில் கிடக்கிறாள். கண் திறக்கவில்லை, கை அசையவில்லை. மூச்சு மட்டும் அவளே விடுகிறாள். எதுவும் தெரியாது என்கிறார்கள். வருகிற ஒறம்பரைச் சனம் எல்லாம் தலைமாட்டில் நின்று, எந்த நாள் தாங்கும், அண்ணன் இல்லை, யார் கோடி கொண்டுவருவார்கள் என்று பேசுகிறது. "பேசறதுன்னா வாசல்ல போயிப் பேசுங்க" என்று விரட்டுகிறேன். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும். இந்தத் தடவை அமுக்குவதற்குப் பையும் இல்லை, என் கையில் வலுவும் இல்லை. அவள் உள்ளே இருக்கிறாளா என்று எனக்கும் தெரியவில்லை.

ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த மூச்சு வந்து என்னோடு சேர்ந்துகொள்கிறது. முந்தாநாள், பார்த்துவிடலாம் என்று என் மூச்சைப் பிடித்து நிறுத்தினேன். கட்டிலிலும் நின்றது. நான் விடும்வரை அது வரவில்லை. அதற்குப் பிறகு நான் சோதித்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருக்கும்போது நிதானமாக, ஒழுங்காக மூச்சு விடுகிறேன்.

போதும் கண்ணு, எழுதினது இத்தனை போதும். முதலிலிருந்து ஒருக்காப் படி. எனக்கில்லை, நான் சொன்னது எனக்குத் தெரியும். உள்ளே போய், சின்னம்மிச்சி காதுக்குப் பக்கத்துல உக்காந்து படி. நான் திட்டுன எடம் வந்தா மெதுவாப் படிக்காதே, நல்லாச் சத்தமாவே படி. நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்.