நித்திரையில் கட்டிய காப்பு

உடப்புக்குத் திரும்பும் சந்தியில் நான் இருக்கும் கொழும்பு பஸ் நிற்கிறது. பெரிய பையோடு ஏற வந்த ஒரு பெடியனை அவனுடைய அப்பா கையைப் பிடித்துக் கீழே இழுக்கிறார். பெடியனின் மணிக்கட்டில் மஞ்சள் பூசிய காப்பு நூல். எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது.

"தம்பி, அம்மனுக்குக் காப்புக் கட்டினால் தீமிதிப்பு முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டலாமோ?" என்று ஜன்னலால் கேட்கிறேன்.

"நான் எங்க ஐயா கட்டினேன்? இண்டைக்குக் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போறேன் எண்டு நேத்துச் சொன்னேன். விடிய எழும்பிப் பார்த்தா கையில கிடக்கு. நான் நித்திரையில கிடக்க அப்பா கட்டிட்டாரு!"

என் கோபம் அப்படியே அப்பா பக்கம் திரும்புகிறது. "ஏன் அண்ணை, பிள்ளையைக் கட்டி வைக்க அம்மன் என்ன நங்கூரமோ?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகனிடம் கத்துகிறார். "மண்ணெண்ணெய் இல்லாம நம்ம மீன்பிடி போட்டு கரையில கிடந்த வருசமும் நான் ஊரை விட்டு ஓடல்ல!"

"நீங்க ஓடாததாலதான் அப்பா இப்ப நான் ஓடுறேன்."

கண்டக்டர் பஸ்ஸைத் தட்டுகிறார். அப்பா குனிந்து, மகனின் கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். அதைத் தன் சாரத்து மடியில் செருகிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடக்கிறார்.

பஸ் ஓடத் தொடங்கியதும் பெடியன் என் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் மணிக்கட்டைத் தடவுகிறான்.

"ஐயா, சாமி குத்தம் வருமா?"

"உனக்கும் வராது, உன் அப்பாவுக்கும் வராது," என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்கிறேன். "மண்ணெண்ணெய் தராமல் அந்தப் போட்டைக் கரையில் கிடக்க வைத்த ஆட்சிக்காரர்களுக்கு வரட்டும்!"