உச்சியிலிருந்து விழுந்த எலுமிச்சை

இன்று நியாலாஸிலிருந்து மலாக்கா வந்த பஸ்ஸில், பக்கத்து சீட்டு அக்காவுக்கு அவர் கணவரிடமிருந்து போன் வந்தது.

"பழம் விழுந்துருச்சா? ஐயோ, எங்க?"

கணவர் கோலாலம்பூரில், நாட்டிலேயே உயரம் என்று பேர் வாங்கப்போகும் கட்டடத்துக்கு வெளிக்கண்ணாடி பொருத்துகிறவர். ஊர்க்கண் அத்தனையும் அதன்மேல்தானே என்று, கோயில் எலுமிச்சை ஒன்றை அவர் சட்டைப்பையில் போட்டு அனுப்பியது இந்த அக்காதான். உச்சியில் ஸ்பேனரைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் வைத்திருக்க வேண்டுமாம். பழத்தை யார் கட்டுவார்கள்? குனிந்தபோது நழுவிவிட்டது.

"கீழ ஆள் நின்னாங்களா? சொல்லுங்க லா!"

பதில் வரும்வரை என் கையை நெரித்துக்கொண்டிருந்தார். பிறகு பிடி தளர்ந்தது.

"லோரி டிரைவர் ஒருத்தரு. கால் பக்கத்துல விழுந்துச்சாம், ஒண்ணும் ஆகல. இவர வேலைய நிறுத்தி இறக்கிட்டாங்க, நாளைக்கு விசாரணை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவருக்கு வர வேண்டியது பழத்தோட போயிருச்சு."

மலாக்காவில் இறங்கியதும் கோலாலம்பூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தார். கையோடு இரண்டு எலுமிச்சையும் வாங்கினார். ஒன்று விசாரணைக்குப் போகும் கணவருக்கு. இன்னொன்று அந்த டிரைவருக்காம்.

அந்த மனிதருக்குத்தான் ஏற்கெனவே ஒன்று வந்து சேர்ந்துவிட்டதே, அது போதாதா? நீங்களே சொல்லுங்கள்.